தமிழ் வழியா, ஆங்கில வழியா: பெயர்ப்பலகையை விட்டுவிட்டு வகுப்பறையைப் பாருங்கள்

ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை நெருங்கினால் வீட்டுப் பேச்சு "தமிழ் மீடியமா, இங்கிலீஷ் மீடியமா" என்பதில் போய் நின்றுவிடும். அந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பள்ளி யாருடையது: அரசா, உதவி பெறுவதா, தனியாரா? பாடத்திட்டம் எது: மாநிலமா, சிபிஎஸ்இயா? பாடம் எந்த மொழியில் நடக்கிறது? மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவதால்தான் பணத்தைக் கட்டியபிறகு பலர் விழிக்கிறார்கள்.

முதலில் ஒரு சிக்கலை அவிழ்த்துவிடலாம். தமிழ்நாட்டில் மெட்ரிக் பள்ளிக்கென்று தனிப் பாடத்திட்டம் இப்போது இல்லை. 2010இல் வந்த சமச்சீர் கல்விச் சட்டமும், 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னதும் மாநில வாரியம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்றிருந்த நான்கையும் ஒன்றாக்கிவிட்டன. அதனால் மெட்ரிக் பள்ளிக்குக் கட்டும் பணத்தில் வேறு பாடத்திட்டம் கிடைக்காது. கட்டடம், வேன், ஒழுங்கு, ஆங்கிலம் புழங்கும் சூழல் இவற்றில் ஏதோ கிடைக்கிறது. அது உண்மையில் கிடைக்கிறதா என்பதைத்தான் சோதிக்க வேண்டும்.

மொழியை முடிவு செய்யும் உரிமை யாருக்கு என்பதிலும் குழப்பம் வேண்டாம். கல்வி உரிமைச் சட்டம் 2009 (பிரிவு 29) இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. ஆனால் தாய்மொழி வழியை அரசு கட்டாயமாக்க முடியாது, தேர்வு பெற்றோருடையது என்று 2014 மே மாதம் கர்நாடக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, முடிவும் உங்களுடையது, விளைவும் உங்கள் பிள்ளையுடையது.

பெற்றோர் சொல்லும் காரணங்கள், ஒவ்வொன்றாக

"மேலே போனா எல்லாம் இங்கிலீஷ்தானே." இது சரியான காரணம். மருத்துவம் ஆங்கிலத்தில்தான். பொறியியலில் 2010 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தில் சிவில், மெக்கானிக்கல் இரண்டும் தமிழ் வழியில் உண்டு என்றாலும், மற்ற துறைகளுக்குப் போகிறவர்கள் ஆங்கிலத்தைச் சந்தித்தே ஆக வேண்டும். ஆனால் இந்தக் காரணத்திலிருந்து "அதனால் ஐந்து வயதிலேயே தொடங்க வேண்டும்" என்ற முடிவு தானாக வந்துவிடாது. என்றைக்காவது ஒருநாள் மாறித்தான் ஆக வேண்டும். எந்த வயதில் மாறுவது என்பதுதான் கேள்வி.

"இங்கிலீஷ் சரளமாப் பேசணும்." பேசுவதும் அந்த மொழியில் அறிவியல் படிப்பதும் வேறுவேறு. பழகும் சூழல் அமைந்தால் ஓரிரண்டு வருடத்தில் ஒரு குழந்தை இரண்டாம் மொழியில் சாதாரணமாகப் பேசிவிடும். பாடப்புத்தக மொழியைக் கையாள ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும் என்று ஜிம் கம்மின்ஸ் போன்ற மொழிக்கல்வி ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். "குட் மார்னிங் மிஸ்" என்று கணீரென்று சொல்லும் பிள்ளைக்குப் பாடம் புரிகிறது என்று நம்பிவிடுவது இதனால்தான் ஆபத்து.

"தமிழ் எப்படியும் வந்துடும், வீட்ல பேசறதுதானே." இதைத்தான் அதிகம் கேட்கிறோம், இதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். வீட்டில் வருவது பேச்சுத் தமிழ். "வந்துச்சு" என்று பேசும் பிள்ளை "வந்தது" என்று எழுதக் கற்க வேண்டும். எழுத்தே 247. ண-ன-ந, ல-ள-ழ, ர-ற வேறுபாடெல்லாம் கண்ணும் கையும் வருடக்கணக்கில் பழகினால்தான் நிற்கும். மாநிலப் பாடத்திட்டத்தில் தமிழ் கட்டாயப் பாடம் (2006 தமிழ் கற்றல் சட்டம்) என்பதால் ஆங்கில வழியிலும் ஒரு பாடமாகவாவது அது இருக்கும். ஆனால் எட்டாம் வகுப்பில் தமிழ்ப் பத்தியை எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பிறகு டிஎன்பிஎஸ்சி எழுதப் போனால், தமிழ் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுத்தால்தான் அடுத்த தாளையே திருத்துவார்கள்.

"நாங்க பட்ட கஷ்டம் பிள்ளைக்கு வேண்டாம்." தமிழ் வழியில் படித்துக் கல்லூரி முதலாண்டில் திணறிய அப்பா அம்மாக்கள் சொல்வது இது. அந்த வலியைக் கேலி செய்ய முடியாது. ஆனால் காரணத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் திணறியது தமிழில் அறிவியல் படித்ததனால் இல்லை. ஆங்கிலம் என்ற ஒரு பாடத்தைப் பத்து வருடம் கைடை மனப்பாடம் செய்தே தாண்டியதனால். தமிழ் வழியைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஆங்கிலப் பாடத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அதே கதைதான் திரும்பும்.

வயது வாரியாக மூடும் கதவுகள்

சலுகைகளை நம்பிப் பள்ளியைத் தேர்வு செய்யச் சொல்லவில்லை. ஆனால் எந்தக் கதவு எந்த வகுப்பில் மூடுகிறது என்று தெரியாமல் தேர்வு செய்யக்கூடாது.

ஒன்றாம் வகுப்பிலேயே மூடுவது ஒன்று: தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை. 2010இல் வந்த சட்டம் இது. 2020 திருத்தத்துக்குப் பிறகு கடைசிப் படிப்பு மட்டும் தமிழ் வழி என்று காட்டினால் போதாது. அந்தப் பணிக்குக் கேட்கப்படும் தகுதி வரைக்கும், முதல் வகுப்பு தொட்டுத் தமிழ் வழி என்று சான்று வேண்டும். இதில் கவனிக்கப்படாத நுணுக்கம் ஒன்று உண்டு. குரூப் 4 போல பத்தாம் வகுப்புத் தகுதி கேட்கும் பணிக்குப் பள்ளிப்படிப்பு தமிழ் வழி என்றால் போதும், பட்டம் ஆங்கில வழியாக இருந்தாலும் பாதகமில்லை. பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கும் பணிக்குப் பட்டமும் தமிழ் வழியாக இருக்க வேண்டும்.

ஆறாம் வகுப்பில் மூடுவது இரண்டாவது: அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு. மருத்துவத்துக்கு 2020இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கு 2021இலும் வந்தது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இதற்குப் பயிற்று மொழி ஒரு பொருட்டில்லை, அரசுப் பள்ளியின் ஆங்கில வழிப் பிரிவுக்கும் பொருந்தும். அரசு உதவி பெறும் பள்ளிக்குப் பொருந்தாது. "உதவி பெறும் பள்ளியும் கவர்ன்மென்ட் மாதிரிதான்" என்று நினைத்து ஆறாம் வகுப்பில் அங்கே மாற்றியவர்கள் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டம் தரும் இலவச இடத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் முடித்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்றால் எந்த வழியானாலும் சரி. உதவி பெறும் பள்ளி என்றால் தமிழ் வழிப் பிரிவுக்கு மட்டும்.

நான்கு வழிகள், அவற்றின் உள்பக்கம்

அரசுப் பள்ளியின் தமிழ் வழி: ஆசிரியர் தகுதி பெற்றவர், புத்தகம் இலவசம், தொடக்கப்பள்ளியில் காலை உணவு உண்டு. பலவீனம் இரண்டு இடத்தில். ஒன்று, சின்ன ஊர்களில் ஈராசிரியர் பள்ளி: ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர். சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இருவரே போதும் என்பதால் இது விதிமீறலும் இல்லை. ஒருவர் பயிற்சிக்கோ கணக்கெடுப்புக்கோ போனால் அன்றைக்கு மற்றவர் ஐந்து வகுப்பையும் மேய்க்க வேண்டும். இரண்டு, ஆங்கிலப் பாடவேளை. அதைச் சோதிக்கும் முறையைக் கீழே சொல்கிறோம்.

அரசுப் பள்ளியின் ஆங்கில வழி: 2012-13 முதல் பரவலானது. தனி ஆசிரியர், தனி அறை இருந்தால் செலவில்லாத நல்ல வழி. ஆனால் பல தொடக்கப்பள்ளிகளில் இரண்டு வழிப் பிள்ளைகளும் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம்தான் இருக்கிறார்கள். விளக்கம் தமிழில், கேள்வி பதில் மட்டும் ஆங்கிலத்தில். தமிழில் விளக்குவதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல ஆசிரியர் அப்படித்தான் செய்வார். புரிந்ததை ஆங்கிலத்தில் சொல்ல யாரும் கற்றுத்தராமல், பலகையில் எழுதியதை நகல் எடுக்க வைப்பதுதான் கேடு. அந்த நிலையில் பிள்ளை ஆங்கிலமும் கற்கவில்லை, தமிழில் எழுதவும் பழகவில்லை, 20 சதவீத முன்னுரிமையையும் இழந்துவிட்டது. நாலு வழியில் இதைத்தான் மோசமானது என்போம்.

உதவி பெறும் பள்ளி: பழைய, பேர்பெற்ற பள்ளிகள் பல இந்த வகை. தமிழ் வழி ஆசிரியருக்கு அரசு சம்பளம். ஆங்கில வழிப் பிரிவு பெரும்பாலும் சுயநிதி. கட்டணம் உண்டு, ஆசிரியர் வேறு. "எங்க தாத்தா படிச்ச ஸ்கூல்" என்ற நம்பிக்கையில் சேர்ப்பவர்கள், தாத்தாவுக்குப் பாடம் எடுத்த பிரிவில்தான் பிள்ளை சேர்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

தனியார் மெட்ரிக், சிபிஎஸ்இ: தமிழ்நாட்டின் 2009 பள்ளிக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி கட்டண நிர்ணயக் குழு ஒவ்வொரு பள்ளிக்கும் தொகை நிர்ணயிக்கிறது, அந்த ஆணையைக் கேட்டுப் பாருங்கள், காட்டத் தயங்கும் இடத்தில் மற்ற கணக்குகளும் தெளிவாக இருக்காது. வேன், சீருடை, நோட்டு, தனியார் பதிப்பகப் புத்தகம், டியூஷன் எல்லாம் இதற்கு மேல். சிறுபான்மை அல்லாத பள்ளிகளில் 25 சதவீத இடம் கல்வி உரிமைச் சட்டத்தில் வரும், எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதில் முழுக் கட்டணம் தொடங்கும். அந்த வருடத்துக்கு என்ன செய்யப்போகிறோம் என்று எல்கேஜியிலேயே யோசித்துவிட வேண்டும். வெளிமாநில மாற்றல் உள்ள வேலையில் இருப்பவர்களுக்கு சிபிஎஸ்இ வசதி, அதில் பெரிய விவாதம் தேவையில்லை.

வீட்டு மொழி தெலுங்கோ உருதோ சௌராஷ்டிரமோ என்றால் கணக்கு சற்று மாறும்: தெருவில் பேசும் மொழி எது, பிள்ளை விளையாடும் மொழி எது என்பதுதான் அங்கே தாய்மொழிக்கு அடுத்த அளவுகோல்.

பள்ளிக்குப் போய்ப் பார்க்க வேண்டியவை

சேர்க்கை அறையில் உட்கார்ந்து எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. இவற்றைச் செய்யுங்கள்.

மூன்றாம் வகுப்பு அறிவியல் நோட்டு நான்கைந்து கேளுங்கள். ஒரே கேள்விக்கான பதிலை எல்லாவற்றிலும் படியுங்கள். சொல்லுக்குச் சொல் ஒன்றாக, எழுத்துப்பிழைகூட ஒரே இடத்தில் இருந்தால் அது பலகையிலிருந்து இறங்கியது. பிறகு ஒரு பிள்ளையிடம் அந்தப் பதிலைக் காட்டி, "இதுல என்ன எழுதியிருக்கே, தமிழ்ல சொல்லு" என்று கேளுங்கள். தன் சொல்லில் சொன்னால் பாடம் உள்ளே போயிருக்கிறது. மனப்பாடம் செய்த ஆங்கில வரியையே திரும்பச் சொன்னால் போகவில்லை.

அடுத்தது கணக்கு. ஒரே கணக்கை இரண்டு மொழியில் இரண்டு தாளில் எழுதி, மூன்றாம் அல்லது நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் சற்று இடைவெளி விட்டுக் கொடுங்கள்: மீனாவிடம் 12 பென்சில், ரவியிடம் 7, மீனாவிடம் ரவியைவிட எத்தனை அதிகம்? தமிழ்த் தாளில் 5 என்றும் ஆங்கிலத் தாளில் 19 என்றும் வந்தால், "மோர்" (more) என்ற சொல்லைப் பார்த்ததும் கூட்டிவிட்டது என்று பொருள். கணக்கு தெரிகிறது, மொழி இடிக்கிறது. இரண்டிலும் 19 வந்தால் மொழியைக் குறை சொல்லிப் பயனில்லை, கணக்கே கற்பிக்கப்படவில்லை. இரண்டிலும் 5 வந்தால் அந்த ஆசிரியரின் வகுப்பு எந்த வழியாக இருந்தாலும் சேர்க்கலாம்.

வாசிப்பு மூன்றாவது. மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொல் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்பது ஒன்றிய அரசின் அடிப்படை எழுத்தறிவுத் திட்டமான நிபுண் பாரத்தின் அளவு. தமிழுக்கு அதை அப்படியே வைப்பது சற்று அநியாயம். "படித்துக்கொண்டிருந்தார்கள்" என்பது நமக்கு ஒரே சொல். வேகத்தைவிட, பிள்ளை எங்கே நிறுத்துகிறது என்று கவனியுங்கள். வாக்கிய முடிவில் நிறுத்தினால் புரிந்து படிக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தினால் எழுத்தைத்தான் படிக்கிறது. தமிழ் வழிப் பள்ளி என்றால் ஆங்கிலப் புத்தகத்தில் பார்க்காத ஒரு பக்கத்தைக் கொடுத்து இதைச் செய்யுங்கள். ஐந்தாம் வகுப்பில் அந்தப் பக்கத்தை யாராலும் வாசிக்க முடியவில்லை என்றால் அங்கே ஆங்கிலப் பாடவேளை பெயரளவுக்குத்தான்.

கடைசிச் சோதனை பள்ளியில் இல்லை, வீட்டில். நான்காம் வகுப்பு ஆங்கில வழி அறிவியல் புத்தகத்தை எடுத்து ஒரு பாடத்தை வாசியுங்கள். மாலையில் வீட்டில் இருக்கும் ஒருவரால், அது அப்பாவோ பாட்டியோ, அதை வாசித்து விளக்க முடியுமா? முடியாது என்றால் பிள்ளையின் பாடத்துக்கும் வீட்டுக்கும் இடையில் டியூஷன் மிஸ் ஒருவர் நிரந்தரமாக வந்து உட்காருவார். அவருக்கான பணத்தை மட்டுமல்ல, தினமும் போகும் ஒன்றரை மணி நேரத்தையும் கணக்கில் எழுதுங்கள்.

மாற்றுவது என்றால் எந்த வகுப்பில்?

வீட்டில் தமிழ் மட்டுமே புழங்கும், ஆங்கிலம் படித்துச் சொல்ல ஆளில்லாத குடும்பத்துக்கு எங்கள் தேர்வு: ஐந்து வரை தமிழ் வழி, கூடவே கறாரான ஆங்கிலப் பாடம். ஆறாம் வகுப்பில் பிள்ளை வாசிக்கும் விதத்தைப் பார்த்து மறுபடி முடிவெடுக்கலாம். 20 சதவீத முன்னுரிமை முக்கியம் என்று நினைப்பவர்கள் மாற்றாமலே தொடரலாம். நுழைவுத் தேர்வுக்காக மாற்ற வேண்டிய கட்டாயம் முன்போல இல்லை. நீட் 2017 முதலும் ஜேஇஇ மெயின் 2021 முதலும் தமிழில் உண்டு. ஆனால் மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கில வினாவே இறுதியானது. 2018 நீட் தாளில் 49 வினாக்களின் தமிழாக்கம் பிழையென்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், கூடுதல் மதிப்பெண் கிடைக்காமல் முடிந்தது. தமிழில் எழுதுகிறவரும் ஆங்கில வினாவைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்பதில் மாற்றுவதைத் தவிருங்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு கழுத்தில் வந்து நிற்கும். பதினொன்றில் மாறுகிறவர்கள் பலர், சமாளிக்கவும் செய்கிறார்கள், ஆனால் முதல் காலாண்டு கலைச்சொல்லிலேயே கரைந்துவிடும்.

ஆறில் மாற்றும்போது இடறுகிற இடங்கள் நாம் நினைக்கிற இடங்கள் இல்லை. 3/4 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் "நான்கில் மூன்று": பகுதி (கீழ் எண்) முன்னால், தொகுதி (மேல் எண்) பின்னால். ஆங்கிலத்தில் "த்ரீ பை ஃபோர்": தொகுதி முன்னால். ஆசிரியர் வாயால் சொல்லச் சொல்ல எழுதும்போது நன்றாகக் கணக்குப் போடும் பிள்ளையே 4/3 என்று எழுதும். மொழி வரிசைதான் காரணம் என்று தெரியாமல் "கணக்குல வீக்" என்று முத்திரை விழுந்துவிடும். இரண்டு மூன்று நாள் வாய்விட்டுச் சொல்லி எழுதவைத்தால் சரியாகிற பிழை இது.

அதனால் ஐந்தாம் வகுப்புக் கோடை விடுமுறையில் ஆறு வாரம் ஒதுக்குங்கள். சமச்சீர் புத்தகங்கள் இரு வழியிலும் பாடத்துக்குப் பாடம் ஒன்றே, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஐந்தாம் வகுப்புக் கணக்கையும் அறிவியலையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கம் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த பாடம் என்பதால் பொருளைத் தேட வேண்டியதில்லை, சொல்லை மட்டும் பிடித்தால் போதும். ஒரு நோட்டில் இரண்டு பத்தி: ஒளிச்சேர்க்கை ஒரு பக்கம், ஃபோட்டோசிந்தசிஸ் எதிர்ப்பக்கம். நாளைக்குப் பத்துச் சொல், ஞாயிறு அன்று எதிர்ப்பக்கத்தை மறைத்துவிட்டுக் கேள்வி. நான்காம் வாரத்திலிருந்து தினமும் ஒரு வாக்கியக் கணக்கை ஆங்கிலத்தில் படித்து, தமிழில் சொல்லி, ஆங்கிலத்தில் விடை எழுதவையுங்கள். ஆறாம் வகுப்புப் புத்தகத்தை இந்த விடுமுறையில் திறக்க வேண்டாம். புதுப் பாடமும் புது மொழியும் ஒன்றாக வந்தால் இரண்டுமே ஒட்டாது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், சேர்க்கை விண்ணப்பத்தில் "பயிற்று மொழி" என்ற இடத்தை நீங்களே நிரப்புங்கள் அல்லது நிரப்பியதை வாசித்துப் பாருங்கள். இரு வழியும் ஒரே அறையில் நடக்கும் பள்ளியில் பிள்ளை எந்தப் பிரிவில் இருக்கிறது என்பது எமிஸ் பதிவில் (பள்ளிக் கல்வித்துறையின் மாணவர் தரவுத்தளம்) மட்டுமே தெரியும். வருடம் ஒருமுறை வகுப்பாசிரியரிடம் அதைக் கேட்டுச் சரிபாருங்கள். பள்ளி மாறும்போது மாற்றுச் சான்றிதழிலும் அதே வரியைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பதினைந்து வருடம் கழித்துத் தமிழ் வழிச் சான்று கேட்டுப் போகும்போது தலைமையாசிரியர் பார்ப்பது அந்தப் பதிவைத்தான், வகுப்பில் எந்த மொழியில் பாடம் நடந்தது என்பதை அல்ல.